மதுரை ‘ஷூட்டிங் பாயிண்ட்’ ஆட்டோ சுற்று: எங்கே இறங்கலாம், எங்கே வேண்டாம்

டவுன்ஹால் ரோடு லாட்ஜ்களில் சொல்லிவைத்தால் ஊர் சுற்றிக்காட்ட ஆட்டோ வந்து நிற்கும். ஏறுகிறவர் போலீஸ் தொடர் ரசிகர் என்று தெரிந்துவிட்டால் அதே சுற்றுக்கு ‘ஷூட்டிங் பாயிண்ட்’ என்று பெயர் மாறிவிடும். திருமலை நாயக்கர் மஹால், விளக்குத்தூண், வைகை மேலுள்ள ஏ.வி. பாலம், ஐகோர்ட் கிளை, சமணர் மலை என்பதுதான் வழக்கமான வரிசை. இடங்கள் சரி. வரிசைதான் தப்பு.

விளக்குத்தூணைக் காலை ஆறரைக்குள் முடித்துவிட வேண்டும். கடை திறந்து தள்ளுவண்டிகள் வந்துவிட்டால் தெருவின் அகலமே தெரியாது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் அந்தப் பக்கம் ஆட்டோவே நுழையாது. கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக நட்ட விளக்குக் கம்பத்தைப் பார்த்த கையோடு, பத்துத் தூண் சந்துக்குள் நடந்து போங்கள். திருமலை நாயக்கர் அரண்மனையின் உடைந்துபோன பகுதியில் மிஞ்சி நிற்கும் கல்தூண்கள் அவை. ஜவுளிக் கடைகளுக்கு நடுவே திருப்பத்துக்குத் திருப்பம் ஒளிய இடமுள்ள சந்து. துரத்தல் காட்சிக்கு இதைவிட என்ன வேண்டும்? விளக்குத்தூண் காவல் நிலையம் நிஜமான ஸ்டேஷன். வாசலில் நின்று செல்பி எடுத்தால் உள்ளே கூப்பிட்டு விசாரிப்பார்கள்.

ஒன்பது மணிக்கு மஹால். டிக்கெட் காசுக்கு முழு மதிப்பு கிடைக்கிற இடம் இது. 1636-ல் கட்டிய அரண்மனையில் இப்போது இருப்பது நாலில் ஒரு பங்குதான். 1995-ல் வந்த ‘பம்பாய்’ படத்தின் ‘கண்ணாளனே’ பாட்டு எடுத்தது இங்கே என்பதை எல்லா ஓட்டுநரும் சொல்வார்கள். 1970 வரை மாவட்ட நீதிமன்றம் இதே கட்டடத்தில் நடந்ததைச் சொல்பவர் குறைவு. க்ரைம் தொடர் ரசிகருக்கு அதுவல்லவா முக்கியம்! 1990-ல் தொடங்கிய ‘லா அண்ட் ஆர்டர்’ என்ற அமெரிக்கத் தொடரில் வக்கீல்கள் ஏறி இறங்கும் படிக்கட்டு, நியூயார்க்கில் சென்டர் ஸ்ட்ரீட்டில் உள்ள அசல் கோர்ட்டுடையது. உள்ளே வாதாடும் கூடம் செல்சீ பியர்ஸ் ஸ்டுடியோவில் போட்ட செட். இங்கே நிஜ வழக்கு நடந்த கட்டடத்துக்குள்ளேயே நடந்து போகலாம்.

படம் எடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. நடுவில் இருப்பது திறந்த முற்றம், சுற்றிலும் தூண் வரிசை. பதினொரு மணிக்கு மேல் முற்றத்தில் கண் கூசும், தூண்களுக்குப் பின்னால் இருட்டு. செல்போன் இரண்டையும் ஒரே படத்தில் பிடிக்காது. ஒன்பதரைக்குள் எடுங்கள், அல்லது தூணுக்கு உள்பக்கம் நின்று மேலே வளைவுகளை மட்டும் எடுங்கள். கேமராவுக்குத் தனி டிக்கெட். கேமரா ஸ்டாண்டை விரித்தால் காவலாளி வந்துவிடுவார். தூண்களில் ஆணியால் கீறிய காதலர் பெயர்களும் புறா எச்சமும் படத்தில் விழாமல் இருக்க இடுப்பு உயரத்துக்கு மேலே ஃபிரேம் வையுங்கள்.

ஓட்டுநர் சொல்லும் கதைகளுக்கு வருவோம். ‘இங்கேதான் அந்த சீன்’ என்று கை காட்டினால், அந்தக் காட்சியைப் போனில் ஓடவிட்டு ஒத்துப் பாருங்கள். சித்திரை வீதிகளில் வண்டி விடுவதில்லை. அங்கே ஜீப் பறக்கிற காட்சி என்றால் சந்தேகப்படலாம். மாசி வீதி என்றால் கேபிள் ஒயரும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் ஃபிரேமுக்குள் வந்தே தீரும்; இரண்டும் இல்லாத சுத்தமான ‘மதுரைத் தெரு’ பெரும்பாலும் சென்னையில் போட்ட செட். மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் செல்போனுக்கு 2018 முதல் தடை. அங்கே ஒத்துப் பார்க்கவும் வழியில்லை, படம் எடுக்கவும் வழியில்லை. போனை வெளியே கவுண்டரில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

ஏ.வி. பாலத்துக்கு ஐந்து நிமிடம் போதும். 1889-ல் கட்டிய பாலம், கீழே பெரும்பாலும் தண்ணீரில்லாத வைகை. மேலே ஆட்டோவை நிறுத்த முடியாது. யானைக்கல் பக்கம் இறங்கி நடந்து வாருங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களில் இந்தப் பக்கமே தலை காட்டாதீர்கள்.

ஒத்தக்கடை பக்கம் இருக்கும் ஐகோர்ட் கிளையை வெட்டிவிடலாம். வெளியே நின்று மதில்தான் பார்க்க முடியும், போக வர ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். அந்த நேரத்தைச் சமணர் மலை இருக்கும் கீழக்குயில்குடிக்குக் கொடுங்கள். தாமரைக் குளம், அய்யனார் கோயில், ஆலமரம், பின்னால் மொட்டைப் பாறை: தொடரில் இன்ஸ்பெக்டர் கையுறை மாட்டிக்கொண்டு வந்து குனிகிற மலையடிவாரம் அச்சாக இப்படித்தான் இருக்கும். பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால் சமணத் தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பங்கள். நண்பகலில் பாறை கொதிக்கும், ஒதுங்க நிழல் கிடையாது; மாலை நாலு மணிக்கு மேல் ஏறி, வெளிச்சம் இருக்கும்போதே இறங்குங்கள். தண்ணீர் கையோடு வேண்டும்.

வாடகை பேசும்போது காத்திருப்பும் சேர்த்துதானா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். சமணர் மலை ஊருக்கு வெளியே என்பதால் அதற்குத் தனிக் கணக்கு. காலையில் விளக்குத்தூணும் மஹாலும் முடித்துவிட்டு வண்டியை அனுப்பிவிட்டு, மாலையில் மலைக்கு வேறு ஆட்டோ பிடிப்பது மலிவு. முழுநாள் வாடகை பேசினால் நடுப்பகல் காத்திருப்புக்கும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.