அரிட்டாபட்டி மலைநடை: ஊர்க்காரர் வழிகாட்ட ஒரு காலை

மேலூர் வட்டம் அரிட்டாபட்டியில் ஊர் இளைஞர்களே வழிகாட்டி அழைத்துச் செல்லும் மலைநடைக்கு, மதுரையில் ஒரு விடுமுறைக் காலையைப் பயனுள்ள வகையில் கழிக்க நினைக்கும் எவரையும் நான் தயங்காமல் அனுப்பிவைப்பேன். குறைகள் சில உண்டு, அவற்றையும் சொல்கிறேன். ஆயினும், ஒரு மலையை மக்களுக்குத் திறந்து வைத்திருப்பதும் அதைக் காப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை என்று வாதிடுபவர்கள், ஒருமுறை இந்த இளைஞர்களோடு நடந்து பார்க்க வேண்டும்.

மதுரையிலிருந்து ஒத்தக்கடை, நரசிங்கம்பட்டி வழியாக ஏறத்தாழ 25 கிலோமீட்டர். பலகையோ முன்பதிவோ கிடையாது. ஊர் முகப்பிலுள்ள தேநீர்க் கடையில் விசாரித்தால் யாராவது ஒருவர் வந்துவிடுகிறார். எங்களுக்கு வாய்த்தவர் ஆடு மேய்க்கும் குடும்பத்தைச் சேர்ந்த இளைஞர். பாறையில் ஏறத் தொடங்குமுன்பே, சுனையருகே எங்களை நிறுத்தி, "அண்ணே, இங்கன செருப்பக் கழட்டிருங்க, இது எங்க ஊரு குடிக்கிற தண்ணி" என்றார். அதட்டலாகச் சொல்லவில்லை, தன் வீட்டுக்கு வந்தவர்களிடம் சொல்வதைப் போலச் சொன்னார். எங்களோடு வந்திருந்த சிறுவர்கள்கூட மறுபேச்சின்றிக் கழற்றினார்கள். எந்த எச்சரிக்கைப் பலகையும் இதைச் சாதித்திருக்காது என்றே நம்புகிறேன்.

இந்த நடையின் சிறப்பு முழுவதும் கழிஞ்சமலையில் இருக்கிறது. குன்றின் ஒருபுறம் பாறையைக் குடைந்து அமைத்த முற்பாண்டியர் காலச் சிவன் கோயில். அதன் வாயிலருகே, தமிழகத்தில் அரிதாகவே காணக் கிடைக்கும், சிவனின் வடிவமாகக் கருதப்படும் இலகுலீசரின் சிற்பம். மற்றொரு புறம் சமண முனிவர்கள் தங்கிய குகைத்தளமும், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டும், தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பமும் உள்ளன. அச்சிற்பத்தின் கீழ் வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்தில் உள்ள கல்வெட்டை நேர்வெயிலில் பார்த்தால் வெறும் பாறையாகத்தான் தெரியும். வழிகாட்டி தன் துண்டை விரித்துப் பிடித்து நிழல் உண்டாக்கி, பக்கவாட்டிலிருந்து மட்டும் வெளிச்சம் விழும்படி செய்தபோது, எழுத்துகளின் பள்ளங்கள் ஒவ்வொன்றாகத் துலங்கின. திருமேனியைச் செய்வித்தவர் அச்சணந்தி என்னும் சமண முனிவர். அதைக் காக்கும் பொறுப்பு பாதிரிக்குடியார் எனப்பட்ட அடிவார மக்களுக்கு உரியது என்கிறது அந்தக் கல்வெட்டு. ஒரு குன்றைக் காவல் காக்கும் கடமையை அதன் அடிவாரத்து மக்களிடம் ஒப்படைக்கும் வழக்கம் இங்கே ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறது. இன்று அதிகாரிகள் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய ஏற்பாடு எதுவும் இல்லை.

வரலாற்றைவிடப் பறவைகளைப் பற்றி இவர்களுக்குக் கூடுதலாகத் தெரிகிறது. ஏறத்தாழ 250 வகைப் பறவைகள் பதிவாகியுள்ள இப்பகுதியில், லகர் வல்லூறு என்னும் வேட்டைப் பறவை கூடு வைக்கும் பாறைமுகம் எது என்பதை நூறடி தள்ளி நின்றே காட்டினார்; அதற்கு மேல் ஓரடிகூட எங்களை நகர விடவில்லை. திறந்திருப்பது என்றால் எல்லா இடத்துக்கும் எல்லா நாளும் போகலாம் என்று பொருளில்லை. எந்தப் பாறையை எந்தப் பருவத்தில் விட்டுவிட வேண்டும் என்பதை அறிந்த ஒருவர் உடனிருப்பதே போதுமான கட்டுப்பாடு. மதுரையைச் சுற்றியுள்ள வேறொரு குன்றில் இரும்புக் கதவு பூட்டிக் கிடக்க, சாவி வைத்திருப்பவரைத் தேடி அலைந்து ஏமாந்து திரும்பிய அனுபவம் எனக்கு உண்டு. அந்தக் கதவுக்கு உட்புறப் பாறையிலும் சுண்ணாம்பால் பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. பூட்டு நல்ல மனிதரைத்தான் தடுத்திருக்கிறது.

பூட்டிய மலையை யாரும் பார்ப்பதில்லை. யாரும் பார்க்காத மலை ஒருநாள் காணாமல் போனாலும் கேட்க ஆளிருப்பதில்லை. மேலூர் வட்டாரத்துக் கிரானைட் குவாரிகளைப் பற்றி 2012-இல் அப்போதைய ஆட்சியர் சகாயம் அறிக்கை அனுப்பும்வரை எத்தனை குன்றுகள் அறுபட்டன என்பதை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது. அதற்கு மாறாக, 2010-இல் யானைமலையைக் குடைந்து சிற்ப நகரம் அமைக்கும் பேச்சு எழுந்தபோது அடிவார ஊர்கள் எதிர்த்து நின்றன. அதையொட்டிப் பிறந்த பசுமை நடை இயக்கம் இன்றுவரை மதுரை மக்களைக் குன்றுகளுக்கு அழைத்துச் செல்கிறது. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களின் ஏறத்தாழ 193 ஹெக்டேர் பரப்பு 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஈராண்டுக்குள், 2024 நவம்பரில், இதையும் உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி ஏலம் போனது. கிராம சபைகள் தீர்மானம் போட்டன. மேலூரில் கடைகள் அடைக்கப்பட்டன. டிசம்பர் 9-ஆம் தேதி சட்டமன்றமும் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7-ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை திரண்டு வந்த விவசாயிகளை மதுரை மறந்திருக்காது. ஜனவரி 23-ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. செய்தித்தாளில் அந்தச் சுரங்கத் தொகுதியின் பெயரைப் பார்த்தவுடன், இந்தச் சுனையருகே செருப்பைக் கழற்றி நின்றிருந்தவர்களுக்கு எது பறிபோகிறது என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஊரார் நடத்தும் இந்த எளிய நடைக்கு நான் இவ்வளவு மதிப்புத் தருவது இதனால்தான்.

இனிக் குறைகள். கட்டணம் இவ்வளவு என்று சொல்ல அந்த இளைஞர்கள் கூச்சப்படுகிறார்கள். கொடுப்பவருக்கும் எவ்வளவு கொடுப்பது என்று தெரியாமல் சங்கடமாகிறது. ஊராட்சியே ஒரு தொகையை முடிவு செய்து பலகை வைத்துவிட்டால் இரு தரப்புக்கும் மரியாதையாக இருக்கும். பெண்கள் பயன்படுத்தத்தக்க கழிப்பறை அடிவாரத்தில் எங்கள் கண்ணில் படவில்லை. குடும்பத்தோடு வருவோர் முன்கூட்டியே யோசித்துக்கொள்ள வேண்டும். குகைத்தளத்தில் சமண முனிவர்கள் படுத்த கற்படுக்கைகளைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்றே வழிகாட்டியும் சொன்னார். கல்வெட்டுகளைப் பற்றித் தொல்லியல் அறிந்தவர்கள் இந்த இளைஞர்களுக்குச் சில நாள் பயிற்சி தந்தால் நடையின் தரம் வெகுவாக உயரும். ஒதுக்குப்புறமான பாறைகளில் உடைந்த மதுப்புட்டிச் சில்லுகள் கிடந்தன. வெளியூரிலிருந்து வந்து குடித்துவிட்டுப் போகிறவர்களின் வேலை இது என்றும், தாங்களே அவ்வப்போது பொறுக்கி எடுப்பதாகவும் அவர் சொன்னபோது, நகரத்திலிருந்து போனவன் என்ற முறையில் எனக்குத் தலைகுனிவாக இருந்தது.

மார்கழி, தை மாதங்களே இந்த நடைக்கு உகந்தவை. சித்திரையில் ஒன்பது மணிக்கெல்லாம் பாறை கொதிக்கத் தொடங்கிவிடும். வெறுங்காலில் நடக்க முடியாது. விடியலுக்கு முன்பே மதுரையிலிருந்து கிளம்பிவிடுங்கள். குடிநீரும் சில்லறைப் பணமும் கையோடு இருக்கட்டும். கொண்டுபோகும் பிளாஸ்டிக் எதையும் அங்கே விட்டுவராதீர்கள். தேநீர்க் கடையில் கேட்டும் வழிகாட்ட ஆள் கிடைக்காவிட்டால், தனியாக ஏறாமல் காத்திருங்கள். காலை மேய்ச்சலுக்கு ஆடுகளோடு யாராவது அந்தப் பக்கம் வருவார்கள்.