அப்பாவின் கால் அஞ்சியோகிராமும் இமேஜ்ஜேயும்

அப்பாவுக்குக் கண்டியில் கால் இரத்தக்குழாய்க்கு அஞ்சியோகிராம் (மருந்து ஏற்றி வரிசையாக எடுக்கும் எக்ஸ்ரே படம்) செய்து, டொக்டர் பார்த்துச் சொல்லவேண்டியதைச் சொல்லி, அட்டனுக்குத் திரும்பி வந்தபோது கையில் மிஞ்சியது ஒரு சீடி. லெப்டொப்பில் போட்டால் படம் முழுக்க ரவையைத் தூவிய மாதிரி புள்ளி. வெளியே விடாத மழை, சரி, இதைக் கொஞ்சம் துடைத்துப் பார்ப்போம் என்று இமேஜ்ஜே (ImageJ) என்ற, படங்களைத் திருத்தும் மென்பொருளை இறக்கினேன்.

1997இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களில் வெயின் ராஸ்பாண்ட் உருவாக்கிய மென்பொருள். இலவசம், என் பழைய லெப்டொப்பிலும் முனகாமல் ஓடுகிறது. எரிச்சல் வாசலிலேயே தொடங்கியது: சுருக்கிவைத்த டைகொம் கோப்பை (ஆஸ்பத்திரிப் படங்கள் சேமிக்கப்படும் வடிவம்) அது நேராகத் திறக்காது. வேறொரு வியூவரில் திறந்து, சுருக்காமல் சேமித்துக் கொண்டுவருவதற்குள் ஒரு மணித்தியாலம் போய்விட்டது.

முதலில் கை போனது புள்ளி நீக்கும் 'டெஸ்பெக்கிள்' கட்டளைப் பக்கம். படத்தின் ஒவ்வொரு பிக்சலையும் அதைச் சுற்றியிருக்கிற எட்டோடு சேர்த்து வரிசைப்படுத்தி, நடுவில் வருகிற மதிப்பை அங்கே வைக்கும். ரவை போனது. கூடவே முழங்காலுக்குக் கீழே மயிர் மாதிரி ஓடிய ஒரு குழாயும் போனது! யோசித்தால் நியாயம்தான், ஒரு பிக்சல் அகலக் கோட்டுக்கு அந்த ஒன்பதில் மூன்று ஓட்டுத்தானே. டொக்டர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேடியதே அந்த மாதிரிக் குழாய்களை. இரத்தக்குழாய்ப் படத்தில் இதைத் தொடவே வேண்டாம்.

உருப்படியான வேலை சராசரியில் இருக்கிறது. கதிர் குறைவாகப் படவேண்டும் என்று அளந்து எடுப்பதால்தான் இந்தப் புள்ளியெல்லாம். அசையாத 4 படங்களைச் சராசரியாக்கினால் இரைச்சல், அதாவது இந்தப் புள்ளித் தூவல், பாதியாகும். சீடியில் கழிக்காத மூலப்படங்களும் இருந்தது என் அதிர்ஷ்டம். அயடீன் மருந்து வருவதற்கு முந்திய படத்தை, மருந்து நிறைந்த படத்திலிருந்து கழித்தால் எலும்பு மறைந்து குழாய் மட்டும் நிற்கும், ஆனால் இரண்டு படத்தின் இரைச்சலும் கூடி 1.4 மடங்காகிவிடும். அதனால் முந்திய படங்கள் எட்டைச் சராசரியாக்கிக் கழித்தேன், அப்போது கணக்குப்படி 1.06 மடங்குதான். கழிக்குமுன் படத்தை 32 பிட்டுக்கு (தசம எண்களும் தாங்கும் வடிவம்) மாற்றி லொக் (மடக்கை) எடுங்கள், இல்லாவிட்டால் எலும்பைக் கடக்கும் இடத்தில் குழாய் மங்கிப்போகும்.

அப்புறம் பார்த்தால் கணுக்கால் எலும்புக்கு இரட்டை ஓரம். அப்பாவிடம் கேட்டேன். "மருந்து ஏறினதும் காலெல்லாம் நெருப்பா எரிஞ்சிச்சு, லேசா இழுத்துட்டேன்டா" என்றார். 'டிரான்ஸ்லேட்' போட்டு படத்தை ஒவ்வொரு பிக்சலாக நகர்த்திப் பொருத்தினேன். அவர் காலை இழுத்ததோடு கொஞ்சம் திருப்பியும் இருக்கிறார் போல, கணுக்கால் சரியானால் முழங்கால் பிசகியது. இதைத் தானாகச் செய்ய ஒரு பட்டன் இருந்திருந்தால் நாலரை கொடுத்திருப்பேன். இப்போதைக்கு ஐந்துக்கு மூன்றரை.

மருத்துவ முடிவுக்கு டொக்டர் பார்த்த படம்தான், நான் துடைத்தது இல்லை. ஆனால் அந்த மயிர்க்குழாய் திரும்ப வந்தபோது அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் கிட்டே வந்து பார்த்தார்.