வெள்ளை டப்பாவில் வரும் 'கலர் க்ரீம்' வாங்காதீர்கள்

வட சென்னையில் காலடிப்பேட்டை, தேரடி, தண்டையார்பேட்டை பக்கம் இருக்கிற பெண்களுக்கும் அவர்களுடைய அம்மாக்களுக்கும் இதை எழுதுகிறேன். லேபிள் இல்லாத டப்பாவில் சிவப்பழகு க்ரீமை அடைத்துக் கொடுத்து, "ஒரே மாசத்துல ரெண்டு ஷேடு ஏறும்" என்று யார் சொன்னாலும் வாங்காதீர்கள். நான் வாங்கி ஆறு மாதம் போட்டேன். 11,700 ரூபாய் போச்சு. பணத்தைக்கூட விடுங்கள், இன்றைக்கு அடுப்புக்கு முன்னால் ஐந்து நிமிடம் நின்றால் கன்னம் இரண்டும் மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி எரிகிறது.

நான் வாங்கின பார்லரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பெயரைச் சொன்னால் அந்த ஒரு கடையை மட்டும் விட்டுவிட்டு அடுத்த தெருவில் போய் அதே டப்பாவை வாங்குவோம். விஷயம் டப்பாவில் இருக்கிறது.

எனக்கு 26 வயது. எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறேன். அப்பா காசிமேட்டில் ஐஸ் பேக்டரியில் வேலை பார்த்தவர். அக்கா அம்மா மாதிரி நல்ல சிவப்பு. நான் அப்பாவைக் கொண்டு பிறந்தேன். "கருப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்று பாட்டி வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்வார். பாசமாகத்தான் சொல்வார். ஆனால் அந்த 'இருந்தாலும்' என்கிற வார்த்தை எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து கூடவே வருகிறது. வெள்ளிக்கிழமை தவறாமல் கடலைமாவும் கஸ்தூரி மஞ்சளும் எனக்கு மட்டும் நடக்கும், அக்காவுக்குக் கிடையாது. ஆறாம் வகுப்பு ஆண்டு விழா டான்ஸில், ஸ்டெப் எல்லாம் சரியாகப் போட்ட என்னைக் கடைசி வரிசைக்கு மாற்றினார்கள். மேக்கப் எடுக்காதாம். வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா ஒன்றும் பேசவில்லை, தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள். அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டிருக்கிறது என்று அப்போதே எனக்குப் புரிந்தது.

போன ஐப்பசியில் ஒரு வரன் வந்தது. தரகர் எங்கள் வீட்டு பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே சொன்னார்: "பொண்ணு படிச்சிருக்கு, வேலைக்குப் போகுது, எல்லாம் ஓகே. நிறம்தான் கொஞ்சம் கம்மி. ரெண்டு பவுன் சேர்த்துப் போடறதா இருந்தா நான் பேசிடுறேன்." நான் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ராத்திரி அம்மா பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பவுனுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். மறுநாள் காலையில், "அந்த மாடி பார்லர்ல யாருக்கோ கலர் வந்துச்சாமே, போய்ப் பாக்கலாமா?" என்று கேட்டாள்.

பார்லர் நடத்துகிற அக்கா பேசுவதற்கு ரொம்ப நல்லவர். முதலில் என் முழங்கையைத் திருப்பி உள்பக்கத்தை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கண்ணாடியில் காட்டினார். "பாரு கண்ணு, இதான் உன் நிஜக் கலர். வெயில்தான் மூடி வெச்சிருக்கு." எல்லோருக்கும் கையின் உள்பக்கம் வெளுப்பாகத்தான் இருக்கும். அது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனை வருடத்தில், நான் இருக்கிற மாதிரி இருப்பது என் தப்பில்லை என்று ஒருத்தர் சொன்னதும் கண் கலங்கிவிட்டது.

அப்புறம் மேசைக்கு அடியிலிருந்து ஒரு பெரிய வாளியை இழுத்தார். அதிலிருந்து வெள்ளைக் க்ரீமை ஸ்பூனால் எடுத்துச் சின்ன டப்பாவில் போட்டார். இன்னொரு டியூப், லேபிளைச் சுரண்டி எடுத்தது, பசை மட்டும் கறுப்பாக ஒட்டியிருந்தது. அதைப் பிதுக்கிச் சேர்த்து ஐஸ் குச்சியால் கலக்கினார். "ஹெர்பல்தான், நானே செய்றேன்" என்றார். மூடியைப் போட்டுவிட்டு, "நைட்டு போடும்போது மூக்குத்தி, கம்மல், செயின் எல்லாம் கழட்டி வெச்சிடு, தங்கம் வெளுத்துடும்" என்று சொன்னார். இந்தக் கடைசி வாக்கியத்தை மறக்காதீர்கள், பின்னால் வருகிறேன். பேக்கேஜ் 4,500 ரூபாய், அடுத்தடுத்த டப்பா ஒவ்வொன்றும் 1,800. பில் கிடையாது.

இரண்டே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனது உண்மை. கடையில் கூட இருக்கிறவர்கள் "கல்யாணக் களை வந்துடுச்சு" என்றார்கள். அம்மா முகத்தில் நான் பார்த்திராத சந்தோஷம். மூன்றாவது மாதம் அந்த அக்கா ஊருக்குப் போனதில் பத்து நாள் க்ரீம் கிடைக்கவில்லை. முகம் சிவந்து, வீங்கி, நெற்றியெல்லாம் பரு. க்ரீமை விட்டதால்தான் இப்படி என்று நினைத்து, அவர் வந்ததும் ஓடிப்போய் அடுத்த டப்பா வாங்கினேன். போட்ட மறுநாளே அடங்கிவிட்டது. இந்த இடத்தில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறோம். விட்டால் எரியும், போட்டால் அடங்கும். வருஷக்கணக்கில் டப்பா வாங்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். தை மாதம் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் பதிலே சொல்லவில்லை. பங்குனியில் தாடைப் பக்கம் பூனை முடி அடர்த்தியாக வளர ஆரம்பித்ததும் பயந்துபோய் ஸ்டான்லி ஆஸ்பத்திரி தோல் பிரிவுக்குப் போனேன்.

டாக்டரம்மா சின்ன வயதுதான். பூதக்கண்ணாடி மாதிரி ஒன்றைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தவர், நான் வாயைத் திறப்பதற்கு முன்னால், "என்ன க்ரீம் போட்டீங்க?" என்று கேட்டார். தோல் மெலிந்து உள்ளே ரத்தக் குழாய் சிவப்பு நூல் மாதிரி தெரிகிறதாம். ஸ்டீராய்டு என்றார். ஸ்டீராய்டு ரத்தக் குழாயைச் சுருக்குவதால் முகம் சட்டென்று வெளுத்த மாதிரி தெரியும். தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து, பரு, முடி, எரிச்சல் எல்லாம் வரும். இந்த வகை ஆயின்ட்மென்ட்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்திருக்கிறது. அவை சொறி, அலர்ஜி மாதிரி நோய்க்கு, டாக்டர் சொல்கிற அளவில், சொல்கிற நாள் வரைக்கும் மட்டும் போடுகிற மருந்து.

நகையைக் கழற்றச் சொன்ன கதையைச் சொன்னதும் அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். பாதரசம் கலந்த க்ரீமாக இருந்தால்தான் தங்கம், வெள்ளியில் படக் கூடாது என்பார்களாம். பாதரசம் தங்கத்தில் பட்டால் வெளுத்துவிடும். தோல் வழியாக உள்ளே போனால் கிட்னியைக் கெடுக்கும். கேரளாவில் மலப்புறம் பக்கம் சிவப்பழகு க்ரீம் போட்டவர்களுக்குக் கிட்னி பாதித்திருக்கிறது. அங்கே 2023-ல் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடை கடையாகச் சோதனையும் நடத்தினார்கள். எனக்கும் சிறுநீரில் புரதம் போகிறதா என்று டெஸ்ட் எழுதினார். நல்ல வேளை, போகவில்லை. கை, கால், முகம் வீங்கினாலோ சிறுநீர் நுரைத்துப் போனாலோ நீங்களும் உடனே பாருங்கள்.

எழுந்து வரும்போது ஒன்று கேட்டார்: "வீட்ல வேற யாராவது இதைப் போடுறாங்களா?" இல்லை என்றேன். அன்றைக்குச் சாயங்காலம் என் அக்கா வந்திருந்தாள். அவள் மகளுக்கு 12 வயது, நிறத்தில் என்னைப் போல. டப்பாவை எடுத்து வைக்கலாம் என்று பீரோவைத் திறந்தால், உள்ளே வழித்தெடுத்த தடம், சின்ன விரல் தடம். கூப்பிட்டுக் கேட்டேன். ரொம்ப நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தவள், "சித்தி, ஸ்கூல்ல என்னை டீத்தூள்னு கூப்புடுறாங்க. நீ மட்டும் வெள்ளை ஆயிட்ட இல்ல" என்றாள். எரிச்சல் தொடங்கிய நாளிலிருந்து அழாதவள் அப்போதுதான் அழுதேன்.

அதற்கு அப்புறம்தான் அம்மாவும் நானும் பார்லருக்குப் போனோம். உடம்புச் சூடு, கருவாடு சாப்பிடுவதை நிறுத்து என்று அந்த அக்கா ஆரம்பித்தார். டியூப் எது என்று காட்டச் சொன்னதும் குரல் மாறியது. "கல்யாணம் ஆகப்போற பொண்ணு. முகம் கெட்டுப்போச்சுன்னு நீயே ஊர் பூரா சொல்லிக்கினு திரிஞ்சா யாருக்கு அசிங்கம்?" இந்த ஒரு கேள்வியை நம்பித்தான் இந்த வியாபாரம் நடக்கிறது. கலருக்கு க்ரீம் போட்டேன் என்று எந்தப் பெண்ணும் வெளியே சொல்ல மாட்டாள் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் அம்மா, இத்தனை வருடம் என் நிறத்தைப் பற்றி யார் என்ன சொன்னாலும் தலையைக் குனிந்துகொண்டே இருந்த அம்மா, "அசிங்கம் என் பொண்ணுக்கு இல்லை" என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். கை நடுங்கிக்கொண்டிருந்தது.

நீங்கள் ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால், இதைப் படித்துவிட்டு நீங்களாக வைத்தியம் எதுவும் செய்ய வேண்டாம், தோல் டாக்டரைப் பாருங்கள். க்ரீமை விட்டால் முதலில் இன்னும் மோசமாகத்தான் தெரியும், அதற்கு மருந்து இருக்கிறது. டப்பாவைத் தூக்கிப் போடாதீர்கள், அதுதான் சாட்சி. எனக்கு பில் இல்லை, ஆனால் முதல் இரண்டு முறை ஜிபேயில் அனுப்பியிருந்தேன், அந்த ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. இப்படி விற்கிறவர்கள் பணமாகவே கேட்பார்கள், நீங்கள் போனிலேயே போடுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். கடையில் எந்த க்ரீம் வாங்கினாலும் தயாரித்தவர் பெயர், முகவரி, லைசென்ஸ் எண், பேட்ச் எண், காலாவதி தேதி, என்னென்ன சேர்த்திருக்கிறது என்ற பட்டியல், இத்தனையும் அட்டையில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அக்கா மகள் கிட்டத்தட்ட மூன்று வாரம் போட்டிருக்கிறாள். கன்னத்தில் லேசான சிவப்பு மட்டும்தான், சரியாகிவிடும் என்று டாக்டரம்மா சொன்னார். வருகிற செவ்வாய்க்கிழமை காலையில் அவளைக் கூட்டிக்கொண்டு மறுபடி ஸ்டான்லிக்குப் போகிறேன். தனியாகப் போகக் கூச்சமாக இருக்கிறவர்கள் சொல்லுங்கள், சேர்ந்து போகலாம். காலடிப்பேட்டை மெட்ரோ வாசலில் ஏழு மணிக்கு நிற்கிறேன். வரும்போது டப்பாவையும் எடுத்து வாருங்கள்.