நாஃப்டாவா, அதற்கு அடுத்து வந்ததா? மெக்சிகோ தொழிலாளியின் கணக்கு

அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றுக்கும் இடையிலான வர்த்தக ஒப்பந்தமாக 1994-இல் வந்த நாஃப்டாவில் தொழிலாளர் விஷயம் தனி இணைப்பு ஒப்பந்தமாக ஒட்டவைக்கப்பட்டது. 11 கொள்கைகள் எழுதினார்கள். அபராதம் வரை போகக்கூடியவை மூன்றுதான். சங்கம் சேரும் உரிமை மீறப்பட்டால் அமைச்சர்கள் கூடிப் பேசலாம், அவ்வளவே. மெக்சிகோவின் இறையாண்மைக்குப் பங்கமில்லை. தொழிலாளிக்கும் பலனில்லை.

நாஃப்டாவுக்குப் பதிலாக 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய ஒப்பந்தம் (யுஎஸ்எம்சிஏ) வேறு ரகம். ஒரே ஒரு தொழிற்சாலை மீதுகூடப் புகார் கொடுக்கலாம். அதன் சரக்குக்கான வரிச்சலுகையையே நிறுத்திவைக்க முடியும். மெக்சிகோவின் சிலாவோ நகரில் உள்ள ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையைப் பாருங்கள். 2021 ஏப்ரலில் பழைய சங்கத்தின் ஊதிய ஒப்பந்தம் பற்றிய வாக்கெடுப்பில் வாக்குச்சீட்டுகளே அழிக்கப்பட்டன. மே மாதம் அமெரிக்கா இந்த வழியைக் கையில் எடுத்தது. ஆகஸ்டில் மறுவாக்கெடுப்பு, அந்த ஊதிய ஒப்பந்தம் தோற்றது. 2022 பிப்ரவரியில் சுயேச்சையான புதிய சங்கம் அமோகமாக ஜெயித்தது.

என் ஓட்டு இரண்டாவதற்கே. ஆனால் ஒரு நெருடல்: இதே முறையில் அமெரிக்க ஆலை மீது மெக்சிகோ புகார் கொடுப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். அமெரிக்காவின் சொந்தத் தொழிலாளர் வாரியம் ஏற்கெனவே உத்தரவு போட்ட ஆலையாக இருந்தால்தான் உண்டு. (தன் வீட்டுக் கதவுக்கு மட்டும் கூடுதல் பூட்டு!) மெக்சிகோவில் உள்ள அமெரிக்கத் தூதரகத்தில் அமெரிக்கா தன் தொழிலாளர் அதிகாரிகளை அமர்த்தும் திட்டத்துக்கு 2019 டிசம்பரில் மெக்சிகோ முறுக்கிக்கொண்டதில் நியாயம் இருந்தது.