ஆப்பிள் ஸ்டெம் செல் கேப்சூல்: ஐந்துக்கு ஒன்று

வயிற்றுப்புண்ணுக்கு என்று கேட்ட என் சித்தியிடம் மருந்துக்கடையில் கொடுத்தனுப்பிய ஆப்பிள் ஸ்டெம் செல் கேப்சூலைப் பற்றியது இந்த மதிப்புரை. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். டப்பாவின் முன்பக்கத்தில் ‘இரைப்பையின் உட்படலத்தைப் புதுப்பிக்கும்’ என்று தங்க நிற எழுத்தில் இருக்கிறது. பின்பக்கத்தில், கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினால் மட்டுமே அகப்படும் பொடி எழுத்தில், மருத்துவப் பயன்பாட்டுக்கு உரியதல்ல என்றும் இருக்கிறது.

முன்பக்கம் வாக்களிக்கும் வேலையை இரைப்பை காசு வாங்காமலே செய்துவருகிறது. உட்படலம் முழுவதும் நிறைந்துள்ள நுண்குழிகளின் அடியில் சுரப்பிகள் திறக்கின்றன. குழியும் சுரப்பியும் சேரும் குறுகலான இடத்தில், மற்றச் செல்களைப் பிறப்பிக்கும் ஸ்டெம் செல்கள் ஓயாமல் பிரிகின்றன. அங்கிருந்து மேலேறுபவை கோழை சுரக்கும் செல்களாகிச் சில நாள்களிலேயே உதிர்ந்துவிட, கீழிறங்கி அமிலம் சுரப்பவை, சுண்டெலிகளில் கணக்கிட்டபடி, ஏறத்தாழ 54 நாள் வாழ்கின்றன. நெதர்லாந்தின் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழுவினர், சுண்டெலி இரைப்பையின் கீழ்ப்பகுதிச் சுரப்பிகளின் அடியில் எல்ஜிஆர்5 புரதம் தாங்கிய ஸ்டெம் செல்கள் இருப்பதை 2010இல் காட்டினர். 2013இல் அதே குழு காட்டியது இன்னும் வியப்பானது: செரிமான நொதி சுரக்கும் முதிர்ந்த செல்களில் சில, தேவை வந்தால் ஸ்டெம் செல்லின் வேலையை ஏற்று, சுரப்பியையே புதிதாகக் கட்டிவிடுகின்றன.

இந்த ஏற்பாட்டில் ஆப்பிளின் செல்லுக்கு இடமே இல்லை. இரைப்பையின் அமிலமும், புரதத்தை உடைக்கும் பெப்சின் என்ற நொதியும் அதன் புரதங்களைச் சிதைத்துவிடும். சிதையாமல் தப்பினாலும், ஒரு தாவரச் செல் மனிதச் சுரப்பியில் ஒட்டி வளரப்போவதில்லை. ஸ்டெம் செல்களைப் பிரியத் தூண்டும் வின்ட் போன்ற சைகைப் புரதங்கள் பக்கத்துத் திசுவிலிருந்து வருபவை.

புண் ஆறாமல் இருப்பதற்குப் பெரும்பாலும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியோ, மூட்டுவலிக்கென்று தொடர்ந்து விழுங்கும் வலி மாத்திரையோதான் காரணம். அந்தக் கிருமியைக் கண்டறிந்ததற்காக பேரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள். மூச்சுப் பரிசோதனையிலேயே அதைக் கண்டுபிடித்துவிடலாம், ஆன்டிபயாடிக்கால் ஒழித்துவிடலாம். கிருமியா மாத்திரையா என்று விசாரிக்காமல் கடைக்காரர் இந்த டப்பாவை எடுத்து நீட்டுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கேப்சூலில் வாடை இல்லை, விழுங்கவும் எளிது. மதிப்பெண் ஒன்றும் அதற்கே. சித்தியின் எரிச்சல் அப்படியே இருந்தது. பிரிக்காத இரண்டாவது டப்பாவைக் கடைக்காரர் திரும்ப வாங்க மறுத்துவிட்டதால், வாங்குவோர் முதலில் ஒன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது.