கொட்டேஷனில் இருந்தது ஒரு கம்ப்யூட்டர், கேபினெட்டுக்குள் இருந்தது வேறு

கேமிங்குக்கும் வீடியோ எடிட்டிங்குக்கும் சேர்த்து முதல் முதலாக ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறீர்களா? அதுவும் வெளியூரிலிருந்து கிளம்பி வந்து சென்னை ரிச்சி தெருவில் ஒரே நாளில் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பும் திட்டமா? அப்படியென்றால் பணத்தை நீட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை, தனியாகக் கேட்டாலும் சொல்ல மாட்டேன். அந்தத் தெருவிலும் பக்கத்து நரசிங்கபுரம் தெருவிலும் நாணயமாக வியாபாரம் செய்கிற கடைகள் நிறைய இருக்கின்றன, நானே பல வருடமாக அங்கே வாங்குகிறவன்தான், அதனால் தெருவையே திட்டுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

வாங்கியது என் தம்பிக்கு. வீடு விழுப்புரத்தில், அவன் விஸ்காம் படிக்கிறான், நான் வேலைக்காக பெங்களூரில் இருக்கிறேன். 2023-இல் அவனுக்காக நான்தான் பார்ட்ஸ் பட்டியல் போட்டுக் கொடுத்தேன்: இன்டெல் ஐ5 12400 ப்ராசஸர், என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, 8 ஜிபி ரேம் இரண்டு, 512 ஜிபி என்விஎம்இ (வேகமான வகை) எஸ்எஸ்டி, கரண்டை வீணாக்காது என்பதற்கான 80 பிளஸ் ப்ரான்ஸ் (Bronze) சான்றிதழ் உள்ள 550 வாட் எஸ்எம்பிஎஸ், அதாவது எல்லா பார்ட்ஸுக்கும் கரண்ட் கொடுக்கிற பெட்டி. அவன் அதை வாட்ஸ்அப்பில் கடைக்கு அனுப்பினான். கடைக்காரர் மரியாதையாகப் பேசினார், கொட்டேஷனும் உடனே வந்தது, மொத்தம் 82,000 ரூபாய். அதில் எப்படி எழுதியிருந்தார் என்றால், "ஐ5 12th ஜென், 3060 கார்டு, 16 ஜிபி ரேம், 512 எஸ்எஸ்டி, 550 வாட் எஸ்எம்பிஎஸ்", அவ்வளவுதான். எந்த வரியிலும் கம்பெனி பெயரும் முழு மாடல் எண்ணும் கிடையாது. தம்பிக்கு அது உறுத்தியிருக்கிறது, கடைக்காரருக்கு "அண்ணா, கார்டு 12 ஜிபிதானே, ரேம் ரெண்டு ஸ்டிக்தானே" என்று வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்கிறான், "அதேதான் தம்பி, நீங்க வாங்க" என்று அவரும் வாய்ஸிலேயே பதில் சொல்லியிருக்கிறார். அந்த இரண்டு வாய்ஸ் மெசேஜும்தான் இன்று எங்கள் கையில் இருக்கிற பெரிய ஆதாரம்.

அப்பாவும் அவனும் காலை ரயிலில் போனார்கள். பணம் முழுவதும் முதலிலேயே வாங்கிக்கொண்டு, பாதி ஜிபே பாதி கேஷ், "அசெம்பிள் பண்ண ரெண்டு மணி நேரம் ஆகும் சார், வெயில்ல நிக்க வேணாம், தம்பியைக் கூட்டிட்டுப் போய் சாப்பிட்டு வாங்க" என்று அப்பாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். திரும்பி வந்தபோது கேபினெட் மூடி, உள்ளே கலர் கலராக லைட் எரிய, மேஜை மேல் தயாராக இருந்திருக்கிறது. பாக்ஸ் எல்லாம் எங்கே என்று தம்பி கேட்டதற்கு, "ட்ரெயின்ல அதையெல்லாம் எப்படித் தூக்கிட்டுப் போவீங்க, வாரண்ட்டி எங்ககிட்டதான், பாக்ஸே தேவையில்ல" என்று பதில். ஜிஎஸ்டி பில் கேட்டால் 18 சதவீதம் கூடும் என்று சொல்லி, "எஸ்டிமேட்" என்று அச்சடித்த ஒரு துண்டுச் சீட்டில் மொத்தத் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறார். விண்டோஸ் இலவசம். அந்த இலவச விண்டோஸ் திருட்டு ஆக்டிவேட்டர் போட்டது, அதற்காக விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரில் ஒரு ஃபோல்டரையே ஸ்கேன் செய்யாதபடி ஒதுக்கி வைத்திருந்தார்கள் என்பது தனிக் கதை.

முதல் சில வாரம் ஒன்றும் தெரியவில்லை. கேம் ஓடியது, பையனும் சந்தோஷமாக இருந்தான். காலேஜ் குறும்படத்துக்காக நண்பனின் கேமராவில் எடுத்த 4கே வீடியோவை பிரீமியர் ப்ரோவில் போட்டபோதுதான் சிக்கல், டைம்லைனில் பிளே அழுத்தினால் படம் நின்று நின்று வருகிறது, ஆடியோ மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது. அந்த ஃபைல்கள் ஹெச்.265, 10 பிட், 4:2:2 என்கிற வீடியோ வகை. இப்போது வருகிற மிரர்லெஸ் கேமராக்கள் பலவற்றில் இந்த வகை இருக்கிறது. இதை ஹார்ட்வேரிலேயே பிரித்துக் காட்டும் வேலையை என்விடியாவின் 30 சீரிஸ் கார்டு செய்யாது, 40 சீரிஸும் செய்யாது, 2025-இல் வந்த 50 சீரிஸில்தான் அந்த வசதி வந்தது. ஆனால் ஐ5 12400-க்குள்ளேயே இருக்கிற யுஎச்டி 730 கிராஃபிக்ஸ், குவிக் சிங்க் என்ற இன்டெல்லின் வீடியோ வசதி மூலம் அதைச் சிரமமில்லாமல் செய்துவிடும். நான் பட்டியலில் 12400 என்று எழுதியதற்குக் காரணமே இதுதான். கேம் மட்டும் ஆடுகிறவர்களுக்கு இது தேவைப்படாது, எடிட் செய்கிறவர்களுக்கு இதுதான் முக்கியம்.

விண்டோஸிலேயே இருக்கிற டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஸ்கிரீன்ஷாட் அனுப்பு என்று தம்பியிடம் சொன்னேன். ஐ5 12400எஃப் என்று வந்தது. அந்த எஃப் எழுத்துக்கு அர்த்தம், உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. மற்றபடி 6 கோர், 12 திரெட் எல்லாம் ஒன்றுதான், அதனால் கேம் ஆடும்போது யாருக்கும் சந்தேகம் வராது. அன்றைக்கு இரண்டுக்கும் விலையில் இரண்டு மூவாயிரம் வித்தியாசம், அது கடைக்காரர் பைக்குப் போய்விட்டது. இன்னொரு நஷ்டமும் உண்டு: கிராஃபிக்ஸ் கார்டு பழுதாகி சர்வீஸுக்குப் போனால் 12400 உள்ளவர் மதர்போர்டின் ஹெச்டிஎம்ஐயில் மானிட்டரைச் செருகி வேலையைத் தொடரலாம், எஃப் வாங்கியவர் கார்டு வரும்வரை கருப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

ஒன்று மாறியிருந்தால் மற்றதும் மாறியிருக்கும் இல்லையா, அடுத்த சனிக்கிழமை ஊருக்குப் போய் எல்லாவற்றையும் நோண்டினேன்.

கிராஃபிக்ஸ் கார்டு 3060தான், ஆனால் 8 ஜிபி. ஆர்டிஎக்ஸ் 3060 என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டு இருப்பது பலருக்குத் தெரியாது. 2021-இல் வந்தது 12 ஜிபி, 2022 கடைசியில் 8 ஜிபியில் இன்னொன்றை அதே பெயரில் விட்டார்கள். மெமரி குறைந்ததோடு போகவில்லை, மெமரி பஸ்ஸும், அதாவது மெமரிக்குத் தரவு போய்வரும் பாதையும், 192 பிட்டிலிருந்து 128 பிட்டுக்கு இறங்கியது, அதனால் நொடிக்கு 360 ஜிபி போக வேண்டிய இடத்தில் 240 ஜிபிதான் போகும், அதாவது மூன்றில் ஒரு பங்கு காலி. இரண்டிலும் 3584 கோர்தான், வெளியே பார்த்தால் இரண்டு ஃபேனும் அதே பிளாஸ்டிக்கும்தான், பாக்ஸ் கையில் இருந்திருந்தால் மட்டும்தான் பெரிய எழுத்தில் 8 ஜிபி என்று தெரிந்திருக்கும். பாக்ஸை ஏன் கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. இந்த இடத்தில் எனக்கு என்விடியா மேலும் கோபம்தான், வேறு வேறு சரக்குக்கு ஒரே பெயர் வைப்பது ஏமாற்றுகிற கடைக்காரனுக்கு வாசலைத் திறந்து விடுவது போல. 3050-இலும் இதே கூத்து, 8 ஜிபி ஒன்று, 2024-இல் வந்த 6 ஜிபி ஒன்று, 6 ஜிபியில் கோரே குறைவு. ஜிடி 1030 வாங்குகிறவர்கள் ஜிடிடிஆர்5 வகையா டிடிஆர்4 வகையா என்று பார்க்க வேண்டும், இரண்டாவது முதலாவதில் பாதி வேகம்கூட மெமரியில் தராது.

ரேம், 16 ஜிபி ஒரே ஸ்டிக். ஒரே ஸ்டிக் போட்டால் ப்ராசஸருக்கும் ரேமுக்கும் நடுவே உள்ள இரண்டு பாதையில் (சேனல்) ஒன்றுதான் வேலை செய்யும், பேண்ட்விட்த் பாதியாகிவிடும். பின்னால் இன்னொரு 16 போட்டு 32 ஆக்கலாம் என்று திட்டமிட்டு ஒரே ஸ்டிக் வாங்குகிறவர்கள் உண்டு, அது தப்பில்லை, ஆனால் இங்கே கேட்டது இரண்டு. அதோடு 3200 வேகமுள்ள ரேம் 2666-இல் ஓடிக்கொண்டிருந்தது, பயாஸில், அதாவது மதர்போர்டின் செட்டிங்கில், ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டுகிற எக்ஸ்எம்பி என்ற ஒன்றை ஆன் செய்யக்கூட நேரமில்லை போலிருக்கிறது.

எஸ்எஸ்டிதான் எனக்கு ரத்தக் கொதிப்பை ஏற்றியது. எம்.2 வடிவம்தான், ஆனால் உள்ளே சாட்டா என்ற பழைய, மெதுவான வகை. எம்.2 என்பது வெறும் வடிவம், அதில் என்விஎம்இயும் உண்டு, சாட்டாவும் உண்டு. சாட்டா என்றால் நொடிக்கு சுமார் 550 எம்பிதான், சாதாரண ஜென் 3 (மூன்றாம் தலைமுறை) என்விஎம்இயே நல்லதாக இருந்தால் 3,000 எம்பியைத் தாண்டும். சரி, அதைக்கூட விடலாம். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ சாஃப்ட்வேரில் பார்த்தால் பவர் ஆன் ஹவர்ஸ் (இதுவரை ஓடிய நேரம்) 4,400 மணி நேரத்துக்கு மேல் காட்டியது. வாங்கி ஒரு மாதம் ஆன மிஷினில், ஆறு மாதம் இராப்பகலாக ஓடிய டிஸ்க். எந்த ஆபீஸின் பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றியதோ.

இதற்கிடையில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. கேம் ஆடும்போதும் எக்ஸ்போர்ட் போடும்போதும் எப்போதாவது சட்டென்று ஆஃப் ஆகி ரீஸ்டார்ட் ஆகும். கடைக்கு போன் செய்தால், "உங்க ஊர் கரண்ட் சரியில்ல தம்பி, நல்ல யுபிஎஸ் வாங்குங்க" என்றார், அப்பாவும் பாவம் நம்பி 600 விஏ யுபிஎஸ் ஒன்றை வாங்கி வைத்தார், அப்புறமும் அதே கதை. எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றி ஸ்டிக்கரைப் பார்த்தேன். மேலே பெரிதாக 550 வாட். 80 பிளஸ் முத்திரை எங்கேயும் இல்லை. கீழே சின்ன எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும், அதில் 12 வோல்ட் என்ற இடத்தைத்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் ப்ராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் அந்த லைனிலிருந்துதான் கரண்ட் எடுக்கின்றன. அதில் 24 ஆம்பியர் என்று போட்டிருந்தது. 12-ஐ 24-ஆல் பெருக்கினால் 288 வாட். ஆர்டிஎக்ஸ் 3060 எடுப்பது 170 வாட், 12400எஃப் முழு வேகத்தில் 117 வாட், இரண்டும் சேர்ந்தாலே 287. ஃபேனுக்கும் மதர்போர்டுக்கும் மீதி ஒரு வாட்! அதுவும் ஸ்டிக்கர் உண்மை சொல்கிறது என்று வைத்துக்கொண்டால். நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட் லைன் மட்டுமே 500 வாட்டுக்கு மேல் தரும். மற்ற பார்ட்ஸில் ஏமாந்தால் வேகம்தான் குறையும், இதில் ஏமாந்தால் மற்ற எல்லாவற்றையும் சேர்த்து எரிக்கும், அதனால் பட்ஜெட் குறைந்தால் கேபினெட்டில் குறையுங்கள், லைட்டில் குறையுங்கள், இதில் கை வைக்காதீர்கள்.

எல்லா ஸ்கிரீன்ஷாட்டையும் அனுப்பினோம். முதலில் பதிலே இல்லை. நான் பேசியபோது அவர் சொன்னது அப்படியே: "சார், 3060ன்னு எழுதினேன், 3060 குடுத்திருக்கேன், ஐ5 12th ஜென்ன்னு எழுதினேன், அதான் குடுத்திருக்கேன், இதுல எங்க சார் ஏமாத்து?" அதாவது கொட்டேஷனில் மாடல் எண்ணை அரைகுறையாக எழுதியது சோம்பேறித்தனம் இல்லை, அதுதான் அவருடைய வக்கீல். சீட்டின் கீழே "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று அச்சடித்திருப்பதையும் நினைவூட்டினார். அந்த வரிக்கு நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிந்தோம். அப்புறம் தெரிந்த வக்கீல் மூலம் ஒரு நோட்டீஸ். நோட்டீஸ் போனதும் குரல் இறங்கியது, எஸ்எம்பிஎஸ்ஸையும் எஸ்எஸ்டியையும் மாற்றிக் கொடுத்தார், இரண்டுமே இந்தத் தடவை சீல் பிரிக்காத பாக்ஸோடு. ரீஸ்டார்ட் பிரச்சினை அன்றோடு நின்றது, விழுப்புரம் கரண்ட் ஒரே நாளில் சரியாகிவிட்டது போலிருக்கிறது. கார்டையும் ப்ராசஸரையும் மாற்ற மறுத்துவிட்டார், அதற்குத்தான் புகார். கடை சென்னையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், 2019 சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது, விழுப்புரம் மாவட்ட ஆணையத்தில்தான் கொடுத்தோம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், ஆன்லைனிலேயே பதியலாம். நாங்கள் போட்டபோது இ-தாக்கில் தளம், இப்போது இ-ஜாக்ரிதி. ஜிஎஸ்டி பில் இல்லையே என்று தயங்க வேண்டாம், ஜிபே ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும் கொட்டேஷன் படமும் வைத்துத்தான் பதிந்திருக்கிறோம். ஆனால் கேஷாகக் கொடுத்த பாதிக்கு அந்தத் துண்டுச் சீட்டைத் தவிர ஒன்றும் இல்லை, அதனால் முழுத் தொகையையும் கடையின் பெயரில் உள்ள கணக்குக்கே அனுப்புங்கள்.

கடையில் நிற்கும்போது செய்ய வேண்டியது இதுதான். ஒவ்வொரு வரியிலும் முழு மாடல் எண் இல்லாத கொட்டேஷனுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பாக்ஸைப் பிரிப்பதே உங்கள் கண் முன்னால் நடக்கட்டும், பசித்தால் ஒருவர் போய் வாங்கி வரட்டும், மற்றவர் கடையிலேயே இருங்கள். ப்ராசஸர் பாக்ஸ் இல்லாமல் ட்ரேயில் (மொத்தமாக வரும் தட்டில்) வந்தால் இன்டெல்லின் 3 வருட வாரண்ட்டி உங்களுக்கு வராது, கடைக்காரர் வாய்ச்சொல்தான் வாரண்ட்டி. சீரியல் எண்கள் பில்லில் ஏறட்டும். ஆன் செய்ததும் டாஸ்க் மேனேஜரில் ப்ராசஸர் பெயர், ரேம் எத்தனை ஸ்லாட்டில் இருக்கிறது, கார்டின் மெமரி எவ்வளவு என்று பாருங்கள், பென் டிரைவில், கிராஃபிக்ஸ் கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவும் கொண்டு போங்கள், பத்து நிமிட வேலை. முகம் சுளிக்கிற கடையாக இருந்தால் அடுத்த கடை நாலு அடியில் இருக்கிறது.

தம்பி இப்போதைக்கு அந்த ஃபைல்களுக்கு பிராக்ஸி (எடிட்டிங்குக்கு மட்டும் இலகுவான நகல்) போட்டு எடிட் செய்கிறான், கொஞ்சம் நேரம் பிடிக்கிறது, வேலை நடக்கிறது. ஆணையத்தில் உத்தரவு வந்தால், எந்தப் பக்கம் வந்தாலும், நகலோடு எழுதுகிறேன்.