ஏழு வயது நாய்க்கு வீடு தேடித் தந்த குழு: என் மதிப்பீடு

ஐந்து நட்சத்திரத்துக்கு நான்கு கொடுக்கிறேன். அந்த ஒன்றைக் குறைத்ததற்குக் காரணம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

எங்கள் செவலைக்கு வயது ஏழு. பால் பல் விழுவதற்கு முன்பே வந்தவன். வேலை மாறி நான் போகிற இடத்தில் அலுவலகமே வீடு கொடுக்கிறது. நாய், பூனை எதுவும் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான், வேலையை விட முடியாது. கையில் இரண்டு மாதம் இருந்தது.

முதலில் வேறொரு காப்பகத்துக்குப் போன் செய்தேன். "கொண்டுவந்து விட்டுட்டுப் போங்க, ஆனா பெரிய நாய் சீக்கிரம் போகாது" என்றார்கள். அவன் பெயரைக்கூடக் கேட்கவில்லை. நேரில் போய்ப் பார்த்தேன். வரிசையாகக் கூண்டுகள், ஒன்று குரைத்தால் அத்தனையும் குரைக்கிறது. அங்கே வேலை செய்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, இருக்கிற ஆட்களை வைத்துக்கொண்டு அவ்வளவுதான் முடியும். ஆனால் ஏழு வருடம் என் கட்டிலுக்குக் கீழே தூங்கியவனை அங்கே விட்டுவிட்டுத் திரும்பி நடக்க என்னால் முடியாது என்று அப்போதே தெரிந்துவிட்டது. காப்பகத்துக்கு வரும் நாய்களின் ரத்தத்தில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் முதல் 3 நாளில்தான் அதிகம் இருக்கிறது என்று 1997இல் வந்த ஓர் ஆய்வைப் பற்றி எங்கள் கால்நடை மருத்துவர் சொன்னார். அந்த மூன்று நாளைத்தான் நான் அவனுக்குக் கொடுக்க விரும்பவில்லை.

அவர்தான் இந்தத் தன்னார்வக் குழுவைக் காட்டிவிட்டார். இவர்கள் நாயை வாங்கி வைத்துக்கொள்வதில்லை. பழைய வீட்டிலிருந்து நேராகப் புது வீட்டுக்குத்தான் மாற்றுகிறார்கள். அதுவரை நாய் நம்மோடுதான் இருக்கும்.

போனை எடுத்த அக்கா கேட்ட முதல் கேள்வி: "விட்டுத்தான் ஆகணுமாம்மா?"

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அவர் குற்றம் சொல்வதற்காகக் கேட்கவில்லை. செவலையின் தடுப்பூசி விவரம், கருத்தடை செய்த சான்று, இப்போதைய வீட்டுக்காரரிடமிருந்து "ஏழு வருடத்தில் சத்தம், சேதம் என்று எந்தப் புகாரும் இல்லை" என்று ஒரு கடிதம், எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்கி, குடியிருப்பு நிர்வாகத்திடம் விதிவிலக்குக் கேட்கச் சொன்னார். கேட்டேன். பத்து நாள் கழித்து முடியாது என்று பதில் வந்தது. அந்தப் பத்து நாள் வீண் என்று நான் நினைக்கவில்லை. அந்தக் கதவைத் தட்டாமல் அவனை அனுப்பியிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்காது.

அடுத்தது படிவம். நான்கு பக்கம். இந்தக் குழுவிடம் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். நாயின் நல்ல குணங்களுக்கு அதில் நாலு வரிதான் இடம். மிச்சமெல்லாம் சாப்பிடும்போது தட்டுக்குக் கிட்டே போனால் உறுமுவானா, இடி இடித்தால் என்ன செய்வான், அதிகபட்சம் எத்தனை மணி நேரம் தனியாக இருந்திருக்கிறான், யாரையாவது கடித்திருக்கிறானா, அப்போது என்ன நடந்தது, காதைத் தொட விடுவானா, நகம் வெட்ட விடுவானா என்று போகிறது.

"குழந்தைகளோடு நன்றாகப் பழகுவான்" என்று எழுதியிருந்தேன். வீட்டுக்கு வந்த தன்னார்வலப் பெண் அந்த இடத்தில் பேனாவை வைத்தபடி கேட்டார், "எத்தனை வயசுக் குழந்தைங்கக்கா? எவ்வளவு நேரம்?" யோசித்துப் பார்த்தால், அவன் பழகியதெல்லாம் பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடுதான், அதுவும் விருந்தாளிகளாக வந்தபோது. அவர் என் வரியை அடித்துவிட்டு, "சிறு குழந்தைகள்: தெரியாது" என்று எழுதினார். எனக்குச் சுருக்கென்று இருந்தது. மூன்று வயதுக் குழந்தை இருந்த ஒரு குடும்பம் அவன் படத்தைப் பார்த்துவிட்டு உடனே தருமாறு கேட்டபோது, அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் குழு மறுத்தது. வளர்ந்த நாயை எடுப்பதில் இருக்கிற பெரிய வசதியே அதன் குணம் முன்கூட்டியே தெரியும் என்பதுதான். அதை நாமே மறைத்தால் கடைசியில் அடிபடுவது நாய்தான்.

"இலவசம்" என்று விளம்பரம் போடலாமா என்று கேட்டேன். அந்த அக்கா ஒரேயடியாக மறுத்தார். அந்தச் சொல்லைப் பார்த்து வருகிறவர்களில், சங்கிலியில் கட்டிக் காவலுக்குப் போட நினைப்பவர்களும், வாங்கி விற்பவர்களும் இருப்பார்களாம். குழு எடுப்பவரிடம் ஒரு கட்டணம் வாங்குகிறது, அவர் வீட்டையும் போய்ப் பார்க்கிறது. வேலி எவ்வளவு உயரம், பகலில் யார் இருப்பார்கள், வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரின் எழுத்துமூலச் சம்மதம் இருக்கிறதா என்பது வரை. இந்தக் கடைசிக் கேள்வியை அவர்கள் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. என் வீட்டில் நடந்தது இன்னொரு முறை அவனுக்கு நடக்கக் கூடாது என்று எனக்கு முன்பே அவர்கள் யோசித்திருக்கிறார்கள்.

மூன்றாவதாக வந்தவர்கள், பிள்ளைகள் வளர்ந்து வெளியே போய்விட்ட ஒரு தம்பதி. அவர்கள் வளர்த்த நாய் 13 வயதில் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. முதல் சந்திப்பு திறந்த வெளியில். கொஞ்சுவது, கூப்பிடுவது எதுவும் கூடாது. இரு தரப்பும் இடைவெளி விட்டுப் பக்கவாட்டில் நடக்க வேண்டும், அவ்வளவுதான். செவலை இரண்டு தடவை கொட்டாவி விட்டான், நாக்கால் மூக்கை நக்கிக்கொண்டே இருந்தான். தூக்கம் வருகிறது போலிருக்கிறது என்றேன். "இல்லக்கா, சங்கடப்படுறான். இன்னும் கொஞ்சம் தள்ளி நடப்போம்" என்றார் அந்தத் தன்னார்வலப் பெண். ஏழு வருடம் வளர்த்த எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. இருபது நிமிடத்தில் அவனே அந்த அம்மாவின் பக்கம் போய்ச் செருப்பை முகர்ந்தான்.

இரண்டாவது சந்திப்பு எங்கள் வீட்டில், மூன்றாவது அவர்கள் வீட்டில். ஏழு வயதுக்கு மேல் இன்னொருவரிடம் ஒட்டுவானா என்ற பயம் எனக்கு விடவே இல்லை. அந்தப் பெண் ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார், பிறகு நானே தேடிப் படித்தேன். புடாபெஸ்ட்டில் உள்ள எத்வஷ் லோராண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்டது. காப்பகங்களில் இருந்த வளர்ந்த நாய்களோடு ஒரே ஆள் பத்து பத்து நிமிடமாக மூன்று முறை பழகியிருக்கிறார். பிறகு, குழந்தைக்கும் தாய்க்கும் உள்ள பற்றைச் சோதிக்கும் முறையிலேயே சோதித்தபோது, அந்த நாய்கள் அவரிடம் பற்றைக் காட்டியிருக்கின்றன. மொத்தம் 30 நிமிடப் பழக்கம். படித்தபோது நிம்மதியாகவும் இருந்தது, நெஞ்சையும் அறுத்தது.

அனுப்பும் நாளுக்குக் கொடுத்த குறிப்புகள் எல்லாம் உருப்படியானவை. அவன் விரிப்பைத் துவைக்காமல் அனுப்ப வேண்டும், வாசனைக்காக. சாப்பாட்டை ஒரே நாளில் மாற்றக் கூடாது. பழையதோடு புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து 7 நாளில் மாற்ற வேண்டும். உடல்பட்டை ஒன்று, கழுத்துப்பட்டை ஒன்று, இரண்டிலும் தனித்தனிக் கயிறு. ஏனென்றால் வீடு மாறிய நாய்கள் முதல் சில நாளில்தான் நழுவி ஓடும். வேலி போட்ட முற்றத்தில்கூடக் கயிறு இல்லாமல் விடக் கூடாது என்று அந்தத் தம்பதியிடம் இரண்டு தடவை சொன்னார்கள். 3 நாள், 3 வாரம், 3 மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்: மிரட்சி தணிய, வீட்டின் நடைமுறை பழக, தன் வீடு என்று நம்ப. எல்லா நாய்க்கும் அது அப்படியே பொருந்தாது என்பதையும் சேர்த்தே சொன்னார்கள்.

இன்னொன்று, நானாக யோசித்திருக்கவே மாட்டேன். அவனுக்குத் தெரிந்த சொற்களின் பட்டியல் கேட்டார்கள், எழுத்தில் மட்டுமல்ல, என் குரலிலும். "உக்காரு", "போதும்", "அங்கேயே இரு" என்று பதிவு செய்துகொண்டே வந்தேன். "போலாமா?" என்றதும் கட்டிலுக்கடியிலிருந்து எழுந்து வந்து கதவருகே நின்றுவிட்டான். பதிவை நிறுத்திவிட்டு அவனைக் கூட்டிக்கொண்டு நடந்துவிட்டு வந்துதான் மிச்சத்தைச் சொன்னேன்.

ஒப்பந்தத்தில் 14 நாள் சோதனைக் காலம். ஒத்துவராவிட்டால் குழுவே திரும்ப வாங்கி ஒரு தற்காலிக வீட்டில் வைக்கும். அந்தத் தம்பதி வேறு யாருக்கும் கைமாற்றிவிட முடியாது. எனக்கு இது பெரிய ஆறுதல்.

இனி அந்த ஒரு நட்சத்திரம். 3 மாதத்துக்கு நான் போய்ப் பார்க்கக் கூடாது என்பதை, கையெழுத்துப் போடும் நாளில்தான் சொன்னார்கள். காரணம் நியாயமானது, நான் வந்து திரும்பிப் போனால் அவன் ஒவ்வொரு முறையும் வாசலிலேயே காத்துக் கிடப்பான். ஆனால் அதை முதல் போனிலேயே சொல்லியிருக்க வேண்டும். விரிப்பையும் தட்டையும் வண்டியில் ஏற்றிய பிறகு கேட்கிற செய்தியா அது? அன்று ராத்திரி "சாப்பிட்டானா?" என்று நான் அனுப்பிய செய்திக்கு மறுநாள் மத்தியானம்தான் பதில் வந்தது. அந்த முதல் ராத்திரிக்கு மட்டுமாவது ஓர் ஆள் போனருகே இருக்க வேண்டும்.

நாயின் தோலுக்கடியில் வைக்கிற மைக்ரோசிப் விஷயமும் உண்டு. அந்தச் சிப் நாய் இருக்கும் இடத்தைக் காட்டாது. அதில் இருப்பது 15 இலக்க எண் மட்டும்தான்; அந்த எண்ணுக்கு எதிரே பதிவேட்டில் யார் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கிறதோ அவர்களுக்குத்தான் தகவல் போகும். நான் இரண்டு தடவை நினைவுபடுத்திய பிறகு, 18 நாள் கழித்துத்தான் பெயர் மாறியது. நாய் ஓடிப்போக வாய்ப்பு அதிகம் உள்ள அதே நாட்களில் அவன் எண்ணுக்கு எதிரே இருந்தது, நாய் வளர்க்க முடியாத வீட்டில் இருக்கிற என் பெயர். நீங்கள் இவர்களிடம் போனால், ஒப்படைக்கும் நாளிலேயே அதை முடித்துவிடும்படி அழுத்திச் சொல்லுங்கள்.

அவசரமாக ஒரு வாரத்தில் முடிக்க நினைப்பவர்களுக்கு இந்தக் குழு சரிவராது. எங்களுக்கு ஏழு வாரம் ஆனது. மாற்றல் உத்தரவு கைக்கு வந்த அன்றே போனை எடுங்கள்.

முதல் இரண்டு நாள் அவன் சரியாகச் சாப்பிடவில்லையாம். மூன்றாம் வாரத்தில் ஒரு படம் அனுப்பினார்கள்: அவர்கள் கட்டிலுக்குக் கீழே இரண்டு பின்னங்கால்கள். போன வாரம் அந்த அம்மாவே போன் செய்து, "ராத்திரி வந்து கதவை ரெண்டு தடவை பிராண்டுறான், என்னம்மா அர்த்தம்?" என்று கேட்டார். தண்ணீர்ச் சட்டி காலி என்று அர்த்தம் என்றேன்.

அடுத்த மாதம் மூன்று மாதம் முடிகிறது, பார்க்கப் போகிறேன். கிளம்பும்போது பழக்கத்தில் "போலாமா" என்று வாய் தவறிச் சொல்லிவிடக் கூடாது. அதைத்தான் இப்போதிலிருந்தே எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.